கண்டெய்னர் செத்ததா, சர்வர் உறைந்ததா? டாக்கரில் மெமரி சிக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி

டாக்கரில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாக ஓடும் பெட்டிதான் கண்டெய்னர். அது திடீரென்று நின்றுபோவது ஒரு வியாதி. சர்வரே உறைந்து நிற்பது வேறொரு வியாதி. இரண்டுக்கும் காரணம் மெமரிதான் என்றாலும் வைத்தியம் ஒன்றல்ல. கூடுதல் ராமுக்குக் காசு கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

என் 2 ஜிபி சர்வரில் இரண்டு கண்டெய்னர்கள் ஓடின: ஒன்றில் டேட்டாபேஸ், இன்னொன்றில் வெப் ஆப். எதற்கும் மெமரி வரம்பு வைக்கவில்லை. நாமாக வைக்காவிட்டால் டாக்கரும் வைக்காது. ஒரு நாள் டெர்மினலில் ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் வர அரை நிமிடம் ஆனது. ராம் தீரும்போது லினக்ஸின் மையமான கெர்னல், அதிலுள்ளதை ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளும். அதுவும் போதாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோடையே (code) மெமரியிலிருந்து கழற்றிவிடும். அடுத்த நொடி அது தேவைப்படும், மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கும், மறுபடி கழற்றும். இந்த இழுபறியைத்தான் 'ஹேங்' என்கிறோம்.

சரி, முதல் படி. 'டாக்கர் பிஎஸ் மைனஸ் ஏ' அடித்து, நின்றுபோன கண்டெய்னரின் எக்ஸிட் கோடைப் பாருங்கள்; எப்படி நின்றது என்று சொல்லும் எண் அது. 137 என்றிருந்தால் அது 128 கூட்டல் 9. 9 என்பது புரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தும் கில் சிக்னலின் எண். நீங்களே ஸ்டாப் கொடுத்து, கண்டெய்னர் நேரத்துக்குள் நிற்காவிட்டாலும் இதே 137 வரும். அதனால் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' போட்டு 'ஓஓஎம் கில்ட்' (மெமரி தீர்ந்ததால் கொல்லப்பட்டது) என்ற வரியில் 'ட்ரூ' இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், கெர்னலின் பதிவுகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை. நான் அதிகம் நம்புவது இதைத்தான். 'மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி' என்று வரி தொடங்கினால், கண்டெய்னர் தன் வரம்பில் முட்டிக்கொண்டது; சிகுரூப் என்பது அந்த வரம்பை விதிக்கும் கெர்னல் வசதி. வெறும் 'அவுட் ஆஃப் மெமரி' என்றால் சர்வரிலேயே மெமரி தீர்ந்துவிட்டது. அப்போது கொல்லப்பட்ட புரோகிராம்தான் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். கெர்னல் பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும், பல சமயம் அது பாவப்பட்ட டேட்டாபேஸாக இருக்கும்.

கண்டெய்னருக்குள் 'ஃப்ரீ' அடித்துப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். டாக்கரில் அது முழு சர்வரின் கணக்கைத்தான் காட்டும். புதிய லினக்ஸ்களில், கண்டெய்னருக்குள் 'சிஸ்', அதற்குள் 'எஃப்எஸ்', அதற்குள் 'சிகுரூப்' என்ற ஃபோல்டருக்குப் போய் 'மெமரி டாட் மேக்ஸ்' ஃபைலைத் திறங்கள். 'மேக்ஸ்' என்ற சொல் மட்டும் இருந்தால் வரம்பே இல்லை. 536870912 என்றிருந்தால் 512 எம்பி, கணக்கு பைட்டில். பக்கத்திலுள்ள 'மெமரி டாட் ஈவென்ட்ஸ்' ஃபைலில், வரம்பில் முட்டி எத்தனை முறை புரோகிராம் கொல்லப்பட்டது என்ற எண்ணும் இருக்கும்.

இனி வரம்பு வைப்போம். ஓடும் கண்டெய்னருக்கே 'டாக்கர் அப்டேட்' மூலம் வைக்கலாம். 'மெமரி' என்ற தேர்வுக்கு மட்டும் 512 எம்பி கொடுத்தால், ஸ்வாப் உள்ள சர்வரில் ஸ்வாப்பும் சேர்ந்து கிடைக்கும். கண்டெய்னர் சாகாமல் ஊர்ந்துகொண்டே கிடக்கும். அதனால் 'மெமரி ஸ்வாப்' தேர்வுக்கும் அதே 512 கொடுங்கள், ஸ்வாப் அடைபடும். இப்போதைய பயன்பாட்டைவிடக் குறைவாக வைத்தால் அந்த நிமிடமே கொல்லப்படலாம், கவனம். என் 2 ஜிபியில் டேட்டாபேஸுக்கு 1 ஜிபி, ஆப்புக்கு 512 எம்பி, மீதி சர்வருக்கு. கண்டெய்னர் அமைப்புகளை ஒரு ஃபைலில் எழுதிவைக்கும் கம்போஸ் பயன்படுத்தினால் அந்த ஃபைலிலும் எழுதிவிடுங்கள்; கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போது அப்டேட்டில் கொடுத்தது போய்விடும்.

ஜாவா ஆப் என்றால் பதிப்பைப் பாருங்கள். ஜாவா 8-இல் அப்டேட் 191-க்கு முந்தையவை கண்டெய்னரின் வரம்பைத் தாமாக உணராமல், சர்வரின் ராமை வைத்து ஹீப்பை (ஆப் தன் தரவுக்கு எடுத்துக்கொள்ளும் மெமரி) கணக்கிடும்.

வரம்பு வைத்தபின்னும் 137 திரும்பத் திரும்ப வருகிறதா? 'டாக்கர் ஸ்டாட்ஸ்' போட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். வேலை வரும்போது ஏறி, முடிந்ததும் இறங்கினால் வரம்பு குறைவு, கொஞ்சம் கூட்டுங்கள். யாருமே பயன்படுத்தாத நேரத்திலும் ஏறிக்கொண்டே போனால் கோடில் லீக் இருக்கிறது, அதாவது எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்போது வரம்பைத் தொடாதீர்கள், கோடைத் திறங்கள்.