பாளையங்கோட்டைல இருந்தே லா ஜர்னல்ல ஆர்ட்டிகிள் போடுதது எப்படி

கோர்ட்டு முடிஞ்சு சாயங்காலம் டீக்கடைல நிக்கும்போது ஜூனியர் பிள்ளைங்க, லா காலேஜ் தம்பி தங்கச்சிங்க எல்லாரும் கேக்கது ஒண்ணுதான், அண்ணே ஜர்னல்ல ஆர்ட்டிகிள் போடணும் எங்கன அனுப்பணும்னு. எங்க அனுப்பணுங்கது கடைசில வரவேண்டிய சோலி. முதல்ல உங்க கைல ஒரு கேள்வி இருக்கணும், டாபிக் இல்ல, கேள்வி. "இந்தியாவில் வன உரிமைச் சட்டம் ஒரு பார்வை"ன்னு தலைப்பு வச்சு அனுப்புனா எடிட்டர் ரெண்டாவது பக்கம் திருப்ப மாட்டாரு, ஏன்னா அதுல பதில் சொல்லவேண்டிய விஷயம் எதுவுமே இல்ல.

நம்ம பக்கத்துலயே பாருங்க, மாஞ்சோலை இருக்கு. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன் ஒரு கம்பெனிக்கு 99 வருஷ லீஸுக்கு குடுத்த தேயிலை எஸ்டேட், 2028-ல லீஸ் முடியுது. இப்ப வன உரிமைச் சட்டம் 2006-ஐ எடுத்து பிரிவு 2(o)-வ படிங்க, பழங்குடி அல்லாத காட்டுவாசிங்க உரிமை கேக்கணும்னா 13-12-2005-க்கு முன்னாடி மூணு தலைமுறை காட்டுல குடியிருந்திருக்கணும், ஒரு தலைமுறைன்னா 25 வருஷம், ஆக மொத்தம் 75. 1929-ல இருந்து 2005-க்கு எண்ணிப்பாருங்க, 76 வருது! அப்போ தேயிலை பறிச்ச குடும்பங்க இந்த வரையறைக்குள்ள வருவாங்களா, இல்ல அவங்க காட்டை நம்பி பொழைக்கல, கம்பெனி சம்பளத்தை நம்பித்தான் பொழைச்சாங்கன்னு சட்டம் அவங்கள வெளிய தள்ளிருமா? இதுதான் கேள்வி. கோர்ட்ல கேஸும் நடந்துருக்கு, அந்தத் தீர்ப்பை முழுசா படிச்சு, நீதிபதி எந்த வார்த்தைய எப்படி அர்த்தம் பண்ணியிருக்காருன்னு பாத்து, அது சரியா தப்பான்னு காரணத்தோட எழுதுனா அது ஆர்ட்டிகிள். பத்தமடை பாய் இன்னொண்ணு, புவிசார் குறியீடு வாங்கியாச்சு சரி, ஆனா 1999 சட்டத்துல பிரிவு 17 படி ஆதரைஸ்டு யூசரா பதிவு பண்ணுனவங்களுக்குத்தான் அந்தப் பேர பயன்படுத்துத உரிமை, கோரை வாங்கி வீட்ல நெய்யுத அம்மாமார்ல யாரு பதிவு பண்ணிருக்கா, பண்ணாதவங்களுக்கு எது தடையா நிக்கி? டெல்லில உக்காந்து எழுதுதவங்களுக்கு இது கிடைக்காது, நமக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

கேள்வி கிடைச்சதும் எழுத உக்காராதீங்க, அதே கேள்விய ஏற்கனவே யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு பாருங்க. ஆராய்ச்சிக் கட்டுரை தேடுததுக்கு கூகுள் ஸ்காலர், எஸ்எஸ்ஆர்என்னு ரெண்டு வெப்சைட் இருக்கு, ரெண்டும் ஓசிதான், தீர்ப்புக்கு இந்தியன் கானூனும் சுப்ரீம் கோர்ட்டோட இ-எஸ்சிஆரும் போதும், எஸ்சிசி ஆன்லைன் வேணும்னா காலேஜ் லைப்ரரில சந்தா இருக்கான்னு கேளுங்க. யாரும் எழுதலன்னு சந்தோஷப்படாதீங்க, யாரோ எழுதிருப்பாங்க, அவங்க எங்க நிறுத்துனாங்களோ அங்கருந்து நீங்க தொடங்கணும், அதை முன்னுரைலயே பேர் சொல்லி ஒத்துக்கிடணும். அரசாங்கத்துகிட்ட இருக்க விவரம் வேணும்னா ஆர்டிஐ போடுங்க, 10 ரூபா ஃபீஸ், 30 நாள்ல பதில் குடுக்கணும், அந்தப் பதில தேதியோட அடிக்குறிப்புல காட்டலாம். ஜனங்ககிட்ட பேசுனீங்கன்னா எதுக்குப் பேசுதோம்னு சொல்லி சம்மதம் வாங்கிட்டுப் பேசுங்க, பேர மறைச்சு எழுதுங்க, அவங்க நம்பிக்கைல சொன்னத வச்சு அவங்களுக்கே கெடுதல் வந்துரக்கூடாது.

தீர்ப்பு படிக்கிறப்போ மேல சுருக்கமா போட்டிருக்க ஹெட்நோட்ட மட்டும் படிச்சுட்டு நிறுத்துதவங்கதான் நெறைய. ஹெட்நோட் எழுதுனது ரிப்போர்ட் போடுத எடிட்டர், நீதிபதி இல்ல. தீர்ப்போட மூலத்தை யார் வேணா எடுத்துப் போடலாம், ஆனா எடிட்டர் சேர்த்த உழைப்புக்கு காப்புரிமை (காப்பிரைட்) உண்டுன்னு ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அதனால பத்தி எண்ணோட தீர்ப்பையே காட்டுங்க. அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கான்னும் பாருங்க, எமர்ஜென்சி காலத்து ஏடிஎம் ஜபல்பூர் தீர்ப்பு 1976-ல வந்துச்சு, 2017-ல புட்டசாமி வழக்குல அதைத் தூக்கிட்டாங்க, இது தெரியாம ஜபல்பூர ஆதாரமா வச்சு ஒரு பாரா கட்டுனா மொத்த ஆர்ட்டிகிளும் சரிஞ்சுரும். அதே மாதிரி 2024 ஜூலை 1-ல இருந்து ஐபிசி போயி பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தாச்சு, கொலைக்கான பிரிவு 302 இப்ப 103, பழைய கேஸப் பத்தி எழுதும்போது பழைய எண்ணும் புது எண்ணும் ரெண்டும் குடுத்தா படிக்கிறவங்களுக்கு வசதி.

சாட்ஜிபிடிகிட்ட கேஸ் கேட்டு வாங்கி அப்படியே போடுத பழக்கம் இப்ப பரவிட்டு, தயவுசெஞ்சு வேண்டாம். இல்லாத கேஸ இருக்கமாதிரியே பேரு, வருஷம், பக்க எண்ணோட அது சொல்லும். 2023-ல நியூயார்க்ல மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்குல வக்கீலுங்க இப்படி இல்லாத தீர்ப்பெல்லாம் தாக்கல் பண்ணி 5000 டாலர் அபராதம் வாங்குனாங்க. ஒவ்வொரு சைட்டேஷனையும் நீங்களே தொறந்து கண்ணால பாத்திருக்கணும், அவ்ளோதான்.

எழுதும்போது முதல் ரெண்டு பக்கத்துக்குள்ள கேள்வி என்ன, என் பதில் என்ன, எந்த வழியா அங்க போறேன்னு மூணையும் சொல்லிருங்க. சஸ்பென்ஸ் வைக்க இது சினிமா இல்ல. நடுவுல உங்களுக்கு எதிரா சொல்லக்கூடிய வாதத்துலயே ரொம்ப பலமானது எதுவோ அதை எடுத்து, எதிர்த்தரப்பு சீனியர் சொன்னா எப்படிச் சொல்லுவாரோ அப்படி எழுதி, அதுக்கப்புறம் பதில் சொல்லுங்க. மாஞ்சோலை கேள்வில அந்த சம்பள வாதம்தான் அது, அதைத் தொடாம தாண்டிப் போனீங்கன்னா, ஜர்னலுக்காக ஆர்ட்டிகிள படிச்சு மதிப்பிடுத ரிவ்யூவர் அங்கனயே புடிச்சுருவாரு. கோர்ட்ல தினம் பிளெய்ன்ட் (வழக்கு மனு) அடிக்கிறவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும், நம்ம பக்கத்தை மட்டும் சொல்லுதது, ஆர்ட்டிகிள்ல அது எடுபடாது. பெரும்பாலான ஜர்னல் இங்கிலீஷ்லதான் எழுதச் சொல்லும், அடங்கல், அரசாணை மாதிரி தமிழ் ஆவணம் காட்டுனா தலைப்ப மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு என்னுதுன்னு ஒரு வரி போட்டுருங்க.

அடிக்குறிப்பு ஸ்டைல் ஜர்னலுக்கு ஜர்னல் மாறும். சிலது புளூபுக் கேக்கும், சிலது ஆஸ்கோலா, இந்தியன் லா இன்ஸ்டிடியூட்டுக்கு சொந்தமா ஒரு முறை இருக்கு. எழுதத் தொடங்கும்போதே ஒண்ண புடிச்சுக்கோங்க, கடைசில மாத்துதது ரெண்டு நாள் வேலை.

இப்ப எங்க அனுப்ப. 1958-ல இருந்து வாரது ஜர்னல் ஆஃப் தி இந்தியன் லா இன்ஸ்டிடியூட். மாணவருங்க நடத்துததுல பெங்களூர் நேஷனல் லா ஸ்கூல் ரிவ்யூ, கொல்கத்தா என்யூஜேஎஸ் லா ரிவ்யூ எல்லாம் நல்ல பேரு உள்ளது. முதல் தடவைன்னா முழு ஆர்ட்டிகிளுக்குப் பதிலா ஒரு தீர்ப்பப் பத்தி கேஸ் கமென்ட் எழுதலாம், அளவும் சின்னது, வக்கீலுக்கு கைவந்ததும் கூட. எந்த ஜர்னலா இருந்தாலும் போன ரெண்டு வருஷ இதழத் தொறந்து அவங்க என்ன மாதிரி போடுதாங்கன்னு படிச்சுட்டு அனுப்புங்க.

வாட்ஸ்அப் குரூப்ல வரும் பாருங்க, மூணு நாள்ல பப்ளிகேஷன், சர்டிபிகேட் ஃப்ரீ, ஐஎஸ்எஸ்என் உண்டுன்னு. படிக்கிற காலத்துல நானும் ஒரு ஜர்னலுக்கு பணம் கட்டி போட்டேன், ஒரு எழுத்துப்பிழை கூட திருத்தாம நான் அனுப்புனது அப்படியே வந்துச்சு, ரெண்டு வருஷத்துல அந்த வெப்சைட்டே இல்ல, எழுதுனதும் போச்சு. அந்த வருத்தம் இன்னும் இருக்கு, அதான் இவ்வளவு சொல்லுதேன். ஐஎஸ்எஸ்என்ங்கது எட்டு இலக்க அடையாள எண், அவ்ளோதான், இந்தியால அதை இலவசமாவே வாங்கலாம், தரத்துக்கு அது சாட்சி இல்ல. எடிட்டோரியல் போர்டுல இருக்கவங்க நெசமான ஆளுங்களா, அவங்க காலேஜ் பக்கத்துல இந்த ஜர்னல் பேர் இருக்கான்னு பாருங்க. யூஜிசி கேர் லிஸ்ட்ல, அதாவது யூஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல் பட்டியல்ல, இருக்கான்னு இப்பவும் கேக்காங்க, அந்த லிஸ்ட யூஜிசி 2025 பிப்ரவரில நிறுத்திருச்சு, அதனால பிஎச்டிக்கோ வேலைக்கோ வேணும்னா உங்க யூனிவர்சிட்டி எதை ஏத்துக்கிடும்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

அனுப்பும்போது ஃபைலுக்குள்ள உங்க பேரு, காலேஜ், நன்றி சொன்னது எல்லாத்தையும் எடுத்துருங்க, வேர்ட் ப்ராப்பர்டீஸ்ல ஆத்தர் பேரும் உக்காந்திருக்கும், அதையும் அழிங்க, ரிவ்யூ பண்ணுதவருக்கு நீங்க யாருன்னு தெரியக்கூடாது. அமெரிக்கால மாணவர் ஜர்னலுங்களுக்கு ஒரே நேரத்துல பல இடத்துக்கு அனுப்புதது வழக்கம், இங்க பெரும்பாலும் ஒத்துக்கிட மாட்டாங்க, ஒரு இடத்துல பதில் வந்தப்புறம்தான் அடுத்தது. மத்தவங்க எழுதுனதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சாஃப்ட்வேர்ல சிமிலாரிட்டி செக் பண்ணிப் பாருங்க, யூஜிசியோட 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல, அதுக்கு மேல போனா படிப்படியா நடவடிக்கை.

பதில் வர மாசக்கணக்கா ஆகும். ரிவ்யூவர் சொன்னத மொத நாள் படிச்சா கோவம்தான் வரும், ரெண்டு நாள் அப்படியே வச்சுட்டு அப்புறம் எடுங்க. அவர் சொன்ன ஒவ்வொண்ணுக்கும் கீழ நீங்க என்ன மாத்துனீங்க, எந்தப் பக்கத்துலன்னு எழுதுங்க, ஒத்துக்கிடலன்னா காரணத்தோட மரியாதையா மறுக்கலாம், எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு இல்ல. வேண்டாம்னு திருப்பிட்டாலும் அந்தக் குறிப்ப வச்சுத் திருத்திட்டு அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்க.

எடுத்துக்கிட்டோம்னு வந்தா காப்புரிமை படிவத்த படிக்காம கையெழுத்து போடாதீங்க, எத்தனை வருஷத்துக்கு, எந்த நாட்டுக்குன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, எழுதலன்னா காப்புரிமைச் சட்டம் பிரிவு 19 படி 5 வருஷம், இந்தியாவுக்கு மட்டும். உங்க சொந்தக் காப்பிய வெளியிட உரிமை இருக்கான்னும் கேட்டுக்கோங்க. அச்சுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்புத ப்ரூஃப் வந்தா அடிக்குறிப்ப ஒவ்வொண்ணா சரிபாத்து குடுத்த தேதிக்குள்ள திருப்பி அனுப்பிருங்க. அச்சானதும் ஒரு பிரதி எடுத்து, நீங்க யாருகிட்ட போய் கேள்வி கேட்டீங்களோ அந்த எஸ்டேட் குடும்பத்துக்கோ பத்தமடை அம்மாவுக்கோ கொண்டுபோய் குடுத்து, உள்ள என்ன எழுதிருக்குன்னு தமிழ்ல உக்காந்து சொல்லிட்டு வாங்க.