மஞ்சளும் நீலமும் சாம்பலானால்: தோற்றுப்போன கலர் கலக்கும் கேமைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

வார இறுதிகளில் எழுதி, ஆடியவர்கள் ஐந்தாவது லெவலிலேயே மூடிவைத்த கலர் கலக்கும் கேம் (ஜாடியில் நிறமிச் சொட்டுகளைக் கலந்து இலக்கு நிறத்தைக் கொண்டுவருவது) ஒன்று உங்கள் ஹார்ட் டிஸ்கில் கிடந்தால், அதை அழிப்பதற்கு முன் ஒரு சோதனை. கேமைத் திறந்து மஞ்சளையும் நீலத்தையும் சரிபாதி கலக்குங்கள். பச்சைக்குப் பதில் சாம்பல் வந்தால், கிராஃபிக்ஸையோ மியூசிக்கையோ நோண்டிப் பயனில்லை. கோளாறு கலக்கும் கணக்கில் இருக்கிறது.

திரையில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் அளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை: மஞ்சள் (255, 255, 0), நீலம் (0, 0, 255). இரண்டின் சராசரி (128, 128, 128). யூனிட்டி, கோடோ போன்ற கேம் இன்ஜின்களில் இரண்டு மதிப்புகளுக்கு இடைப்பட்டதைக் கணக்கிடும் ‘லெர்ப்’ தருவது இதைத்தான். பெயின்ட் அப்படிக் கலப்பதில்லை. ஒவ்வொரு நிறமியும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இரண்டும் விழுங்காமல் விட்ட மிச்சம்தான் கண்ணுக்கு வரும். ப்ராஜெக்ட் செட்டிங்கில் ‘லீனியர்’ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்கிரிப்டில் ஓடும் லெர்ப்பை அந்த செட்டிங் தொடுவதே இல்லை. நீங்களே லீனியராக்கி, அதாவது நிற எண்ணை ஒளியின் அளவாக மாற்றி, கலந்தாலும் (188, 188, 188) என்று வெளிறிய சாம்பல்தான் மிஞ்சும், ஏனென்றால் அது ஒளிக்கான கணக்கு.

பெயின்ட்டுக்கு 1931-ல் குபெல்கா, முங்க் என்ற இருவர் தந்த சமன்பாடு இன்றைக்கும் போதுமானது. சேனல் மதிப்பை 255-ஆல் வகுங்கள். வருவது 0.04045-க்கு மேல் என்றால் 0.055 கூட்டி, 1.055-ஆல் வகுத்து, 2.4-ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். அதற்கு மேல் இல்லையென்றால் 12.92-ஆல் வகுத்தால் போதும். கிடைப்பது பிரதிபலிப்பு, ‘பி’ என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து உறிஞ்சல்-சிதறல் விகிதம்:

வி = (1 − பி)² ÷ (2 × பி)

சொட்டு எண்ணிக்கையை எடையாக வைத்து இந்த ‘வி’க்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும், நிற எண்களை அல்ல. பிறகு திரும்பி வரும் வழி:

பி = 1 + வி − √(வி² + 2 × வி)

மஞ்சளுக்கு (0.90, 0.75, 0.05), நீலத்துக்கு (0.05, 0.20, 0.60) என்று பிரதிபலிப்பு கொடுத்து ஒன்றுக்கு ஒன்று கலந்து பாருங்கள். ஏறக்குறைய (0.09, 0.30, 0.09) வரும், முதலில் செய்த மாற்றத்தைத் தலைகீழாகச் செய்தால் திரையில் அது (85, 149, 85), நல்ல இலைப் பச்சை. சுத்தமான (0, 0, 255) நீலத்தை அப்படியே ஊட்டினால் பூஜ்யத்தால் வகுக்க நேரும், கேம் கருப்பாகிவிடும். பிரதிபலிப்பை 0.03-க்கும் 0.95-க்கும் இடையில் அடக்கி வையுங்கள்.

இன்னொரு தொல்லை: கரும் நிறமியின் ‘வி’ மிகப் பெரிது, வெள்ளையுடையது பூஜ்யத்தை ஒட்டியது. ஒரு சொட்டு நீலம் ஒரு சொட்டு வெள்ளையை முழுங்கிவிடும். நிஜப் பெயின்ட்டும் இப்படித்தான், ஆனால் ஆடுபவருக்கு எரிச்சல். நிறமிக்கு ஒரு ‘வீரிய’ எண் கொடுத்து, எடையை அதனால் பெருக்குங்கள்: வெள்ளைக்கு 1, நீலத்துக்கு 0.3 என்று தொடங்கலாம். மூன்று சேனல் கணக்கு தோராயம்தான். இன்னும் அசலாக வேண்டுமென்றால் நிறமிக் கலப்புக்கென்றே மிக்ஸ்பாக்ஸ் லைப்ரரி உண்டு. விற்கிற கேம் என்றால் உரிமம் வாங்க வேண்டும்.

ஜாடியில் கலந்த நிறத்தைச் சேமித்து, அடுத்த சொட்டை அதன் மேல் பாதிக்குப் பாதி கலக்கும் கோடிங் மிகச் சாதாரணம். அதில் கடைசியாக விழுந்த சொட்டுக்கே எப்போதும் பாதிப் பங்கு போய்விடும். வரிசை மாறினால் நிறமும் மாறும். மஞ்சள் 2, நீலம் 1, வெள்ளை 1 என்று எண்ணிக்கையை மட்டும் சேமியுங்கள், நிறத்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடுங்கள். ‘அன்டூ’வும் இலவசமாகக் கிடைத்துவிடும். அது அவசியம்: ஜாடி சேற்று நிறமான பிறகு மீள வழியில்லாத லெவலில்தான் ஆட்கள் கேமை மூடுகிறார்கள்.

லெவல்களின் இலக்கு நிறங்களைக் கலர் பிக்கரில் எடுத்தீர்களா? அப்படியானால் அவற்றில் சில எந்தச் சேர்க்கையிலும் வராது. நான்கு நிறமி, அதிகபட்சம் ஆறு சொட்டு என்றால் மொத்தம் 209 சேர்க்கைகள்தான். எல்லாவற்றையும் லூப் போட்டுக் கணக்கிட்டு, அந்தப் பட்டியலிலிருந்தே இலக்கை எடுங்கள்.

ஜெயித்ததா என்று பார்க்கத் திரை எண்களுக்கிடையே தூரம் அளக்காதீர்கள். கண்ணின் உணர்வுக்கும் அதற்கும் பொருத்தமில்லை. நிறத்தை ஓகேலேபுக்கு (Oklab, கண்ணின் உணர்வுக்கு ஏற்ப நிறங்களை அடுக்கும் அளவுமுறை) மாற்றி அங்கே அளந்து, முதல் லெவல்களுக்கு 0.05, பிந்தையவற்றுக்கு 0.03 வரை வித்தியாசத்தை விட்டுக்கொடுங்கள். 0.02 அளவில் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கீழே இறுக்குவது அநியாயம்.

இலக்கும் கலவையும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கட்டும், நடுவே கோடு வேண்டாம். பின்னணி (119, 119, 119) சாம்பல். வண்ணமயமான பின்னணி பக்கத்து நிறத்தையே வேறாகக் காட்டும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் பலர் ஆடுவார்கள். ஒவ்வொரு நிறமிக் குப்பிக்கும் ஒரு வடிவம் போட்டு, எத்தனை சொட்டு விழுந்திருக்கிறது என்று ஜாடியிலேயே எண்ணாகக் காட்டிவிடுங்கள்.