குரோம் தண்ணியை வடிகாலில் விடுவதற்கு முன்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துச் சின்ன டேனரிக்காரர்கள் (தோல் பதனிடும் பட்டறைக்காரர்கள்) "புது மெஷின் எது வாங்கலாம்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "டிரம்மிலிருந்து வடிக்கிற குரோம் தண்ணி எங்கண்ணே போகுது?" வழக்கமான பதனிடலில், தோலைப் பதப்படுத்தப் போட்ட குரோம் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமலே வெளியேறிவிடும். வெளியே விடும் நீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கெமிக்கல் பில்லும் நம் தலையில்தான், சுத்திகரிப்புச் செலவும் நம் தலையில்தான்.

முதல் வேலை, குரோம் டிரம்முக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குரோம் தண்ணி அமிலம். தோலில் முடி நீக்கும்போது வரும் சுண்ணாம்பு, சல்ஃபைடு கழிவோடு அது கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்வரை எச்சரிக்கையாவது உண்டு. வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார்.

சேர்ந்த தண்ணியை வலையில் வடிகட்டி, நார், கொழுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு கலக்கிக்கொண்டே மெக்னீசியம் ஆக்ஸைடு தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, பிஹெச் (அமில-கார அளவு) எட்டரை வரை ஏற்றுங்கள். இது மெதுவாக வேலை செய்யும் சரக்கு. மீட்டர் நகரவில்லையே என்று அவசரப்பட்டு மேலே மேலே கொட்டக் கூடாது. சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் ஜிப்சம் சேர்ந்து சேறு பெருத்துவிடும். மெக்னீசியம் போட்டால் படிவு இறுகி உட்காரும். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வைத்துப் பாருங்கள்: அடியில் கெட்டியாகப் பச்சைச் சேறு, மேலே தெளிந்த நீர். மேல்நீரில் பச்சைச் சாயல் துளி இருந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

தெளிந்த நீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, சேற்றில் கந்தக அமிலத்தை மெதுவாக விட்டுக் கரையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிஹெச் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே நின்றால் குரோம் திரும்ப வந்துவிட்டது. அதன் வலுவை ஒவ்வொரு முறையும் லேபில் பார்த்துவிட்டு, புது குரோம் 70, இது 30 என்ற அளவில் ஆரம்பியுங்கள். முதலில் லைனிங் தோலில் போட்டுப் பாருங்கள், வெளிர் நிறச் சரக்கில் வேண்டாம்.

அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நீரில்லா குரோம் பதனிடலுக்கு மாறும் எண்ணம் இருந்தால், பெரிய மீட்புத் தொட்டி கட்டிப் பணத்தை முடக்காதீர்கள். அதில் பிக்கிளும் (பதனிடும் முன் உப்பு, அமில நீரில் தோலைப் போடுவது) இல்லை, தனியாகத் தண்ணியும் இல்லை. குரோம் செலவே 15 முதல் 20 சதவீதம் குறையும் என்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: குரோமை மீட்டதால் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) இறங்காது. அதற்கு, தோலை ஊறப் போடுவதற்கு முன்பே, கெடாமலிருக்க உப்புப் போட்டு வந்த தோலை உதற வேண்டும். உதறிய உப்பைக் கூரைக்கு அடியில் வையுங்கள். வெளியே குவித்தால் முதல் மழையிலேயே அது கிணற்றுக்குப் போய்விடும்.