விருந்துக்குக் கொண்டுபோகும் பை (pie): ஆரோக்கியமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பை என்பது மாவுக் கூட்டுக்குள் பூரணம் வைத்து ஓவனில் சுடும் பலகாரம். அதை ஆரோக்கியமாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது சர்க்கரை டப்பாவில்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தவறான இடம். 23 செ.மீ. தட்டில் கீழும் மேலும் மூடிச் சுடும் வழக்கமான ஆப்பிள் பைக்கு 300 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், தோல் சீவிய ஆப்பிள் 1 கிலோ, 150 கிராம் சர்க்கரை போகும். மைதாவும் வெண்ணெயும் சேர்ந்தே சுமார் 2,500 கலோரி. ஆப்பிளில் ஏறக்குறைய 500, சர்க்கரையில் 580. எட்டுத் துண்டு போடுவதாக வைத்துக்கொள்வோம். சர்க்கரையைப் பாதியாக்கினால் துண்டுக்கு 36 கலோரி குறையும். மேல் கிரஸ்ட்டை, அதாவது மேலே மூடும் மாவுத் தகட்டை, விட்டுவிட்டாலோ துண்டுக்கு 150க்கு மேல் குறைகிறது.

ஆகவே குறைக்க வேண்டியது கிரஸ்ட்டின் அளவை. மிஞ்சும் அடி கிரஸ்ட்டை ஒழுங்காகச் செய்துவிடுங்கள். மேலே ஏதாவது இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்றால் 60 கிராம் ஓட்ஸ், 25 கிராம் வெண்ணெய், 20 கிராம் சர்க்கரை மூன்றையும் பிசிறித் தூவுங்கள். அப்போதும் மூடிய பையைவிட மொத்தத்தில் 700 கலோரிக்கு மேல் குறைவு.

வெண்ணெயை வெட்டித் தள்ளுவது

வெண்ணெய் ருசிக்காக மட்டும் சேர்வதல்ல. அது மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்து, தண்ணீர் பட்டதும் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) இழைகள் நீளாமல் தடுக்கிறது. உருகாமல் நிற்கும் சிறு வெண்ணெய்த் துண்டுகள் ஓவன் சூட்டில் ஆவி விட்டு அடுக்குகளைப் பிரிக்கின்றன. வெண்ணெயின் எடை மாவில் பாதிக்கும் கீழே போனால் இந்த இரண்டு வேலையும் நடக்காது. விருந்தில் கத்தி இறங்காத கிரஸ்ட் இப்படித்தான் வருகிறது.

ஒரு அடி கிரஸ்ட்டுக்கு நம்பகமான அளவு: 75 கிராம் மைதா, 75 கிராம் கோதுமை மாவு, குளிர்ந்த வெண்ணெய் 90 கிராம், கால் டீஸ்பூன் உப்பு, ஐஸ் தண்ணீர் 50 மி.லி. வெண்ணெய் பட்டாணி அளவுத் துண்டுகளாக இருக்கும்போதே பிசைவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்பதே போதும், வழவழப்பு வரும்வரை பிசைய வேண்டியதில்லை.

மைதாவை அறவே விட்டு முழுக்கக் கோதுமை மாவில் செய்வதும் அடிக்கடி நடக்கும் தவறு. தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும், அதுவும் மெதுவாகக் குடிக்கும். பிசைந்தபோது சரியாகத் தெரிந்த மாவு, தேய்க்கும்போது ஓரங்களில் வெடிக்கும். பாதிக்குப் பாதி கலந்து, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் தேய்த்தால் இந்தச் சிக்கல் இல்லை. 3 மி.மீ. கனம், 30 செ.மீ. வட்டம் கணக்கு.

பெயரில் மட்டும் ஆரோக்கியமான மாற்றுகள்

வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். வெண்ணெயின் எடையில் பாதியளவுதான் நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். பால் பொருள் சேர்க்காத விருந்தினருக்காக என்றால் சரி, இதயத்துக்காக என்றால் பொருந்தாது. பாதாம் மாவு கிரஸ்ட்டும் இதே ரகம்: நார்ச்சத்தும் புரதமும் கூடும்தான், ஆனால் 100 கிராமில் சுமார் 580 கலோரி, மைதாவில் 360. போதாததற்குக் கொட்டை ஒவ்வாமை உள்ள ஒருவர் விருந்தில் இருந்தால் அவரால் அதைத் தொடவே முடியாது.

தேன், மேப்பிள் சிரப், பேரீச்சம்பழச் சிரப் எல்லாமும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனும் சிரப்பும் பழச்சாறும் அடக்கம். ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் சுமார் 64 கலோரி, அதே கரண்டிச் சர்க்கரையில் 49. தேன் பூரணத்தில் கூடுதல் தண்ணீரையும் விடும், சீக்கிரம் கருகவும் செய்யும். கலோரி மிகக் குறைந்த மாற்று இனிப்புகளில் அஸ்பார்டேம் ஓவன் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும், எரித்ரிட்டால் ஆறியதும் படிகமாகி நறநறக்கும்.

இவற்றைத் தேடி அலைவதைவிட, சாதாரணச் சர்க்கரையையே குறைவாகப் போடுவது எவ்வளவோ மேல்.

சர்க்கரையை எதுவரை குறைப்பது

நன்கு பழுத்த இனிப்பான ஆப்பிள் 1 கிலோவுக்கு 60 கிராம் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் கால் டீஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் பட்டைத் தூளும் இருந்தால் குறைத்தது நாக்குக்குத் தெரியாது. புளிப்பு ஆப்பிள் என்றால் 80 வரை போகலாம். அறவே எடுத்துவிடாதீர்கள். பழத்திலிருந்து சாற்றை இழுத்துப் பாகாக்குவது சர்க்கரைதான். அது இல்லாவிட்டால் பழத்துண்டுகள் வறண்டும் சாறு மாவுப்பசை போலவும் தனித்தனியாக நிற்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பூரணத்தை இறுக்கச் சேர்க்கும் கார்ன்ஃப்ளாருடன் சர்க்கரை தண்ணீருக்காகப் போட்டியிட்டு அது இறுகுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரையைக் குறைத்துவிட்டுக் கார்ன்ஃப்ளாரை மட்டும் பழைய அளவிலேயே விட்டால் பூரணம் ஜெல்லி மாதிரி வெட்டுப்படும். 1 கிலோ ஆப்பிளுக்கு 15 கிராம், சாறு மிகுந்த பெர்ரிப் பழங்களுக்கு 30 கிராம் என்று தொடங்குங்கள். அரிந்த பழத்தில் சர்க்கரையைப் பிசிறி 45 நிமிடம் வைத்து, வடிந்த சாற்றைப் பாதியாகச் சுண்டவைத்து ஆறியபின் திரும்பச் சேர்த்தால் ருசி கூடும், அடியும் நனையாது. கார்ன்ஃப்ளாரை ஆறிய பழத்தில்தான் பிசிற வேண்டும். சூடான சாற்றில் கொட்டினால் கட்டி தட்டும்.

அடி வேகாமல் எடுப்பது

ஓட்ஸ் தூவிய மேற்புறம் சிவந்துவிட்டதே என்று பையை வெளியே எடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, நடுவில் சாறு மெதுவாகக் குமிழி விடுகிறதா என்பதை. கார்ன்ஃப்ளார் 95 டிகிரியை ஒட்டித்தான் முழுதாக இறுகும். ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு கனமான இரும்புத் தட்டை முன்பே சூடாக்கி, அதன்மேல் பையை வையுங்கள். 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 190 டிகிரியில் 35 முதல் 45 நிமிடம். ஓட்ஸைக் கடைசி 25 நிமிடத்துக்கு மட்டும் தூவினால் கருகாது. கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும்.

பூசணி பை போன்ற முட்டைப் பூரணத்துக்குக் கதை வேறு. அதற்கு அடி கிரஸ்ட்டைத் தனியாக முதலில் சுட வேண்டும்: பேக்கிங் தாள் விரித்து, காய்ந்த பயறு நிரப்பி 200 டிகிரியில் 18 நிமிடம், பயறை எடுத்துவிட்டு இன்னும் 7 நிமிடம். க்ரீமுக்குப் பதில் பால் ஊற்றுகிறவர்கள் அதே அளவு ஊற்றுவதால்தான் பூரணம் நிற்காமல் ஓடுகிறது. 400 கிராம் பூசணி விழுதைக் கடாயில் ஏழெட்டு நிமிடம் கிளறித் தண்ணீர் வற்றவிட்டு, 250 மி.லி. பாலும் 3 முட்டையும் சேர்த்தால் நிற்கும். நடுவில் உள்ளங்கை அகலம் லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள், மீதி ஆறும்போது இறுகிக்கொள்ளும்.

குட்டிப் பைகள் என்ற பொறி

ஆளுக்கொன்று என்று மஃபின் தட்டில் குட்டிக் குட்டிப் பைகள் செய்வது விருந்துக்கு வசதிதான். ஆனால் சின்னதாகச் சின்னதாகப் பூரணத்தைவிடக் கிரஸ்ட்டின் பங்கு ஏறிக்கொண்டே போகும். அளவு குறைய வேண்டுமென்றால் ஒரே பெரிய பையைப் பத்துத் துண்டாகப் போடுங்கள்.

கொண்டுபோகும்போது

பழப் பை வெட்டும் பதத்துக்கு வர 4 மணி நேரமாவது ஆறவேண்டும். எனவே முந்தைய இரவோ அன்று காலையோ சுட்டுவிடுவது நல்லது. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி படிந்து, பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய கிரஸ்ட் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நமுத்துவிடும். காரில் இருக்கையின் மேல் வைக்காதீர்கள், அது சாய்வானது. கால் வைக்கும் தரையில் துண்டு விரித்து வையுங்கள்.

முட்டையும் பாலும் சேர்ந்த பை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். சர்க்கரை குறைத்த பழப் பையையும் மிச்சமிருந்தால் அன்றே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு சீட்டு வையுங்கள். அதில் "ஆரோக்கியமான பை" என்று எழுதினால் பாதிப்பேர் தொடமாட்டார்கள். கோதுமை, பால், முட்டை, கொட்டை எது சேர்ந்திருக்கிறது என்று எழுதினால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உதவும். ஐஸ்க்ரீமுக்குப் பதில், துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிர் 200 கிராமில் ஒரு டேபிள்ஸ்பூன் தேன் கலந்து தனிக் கிண்ணத்தில் கொண்டுபோகலாம். அங்கே போனபின் பழப் பையைச் சூடாக்க வேண்டியிருந்தால் மைக்ரோவேவ் வேண்டாம், கிரஸ்ட் தொளதொளத்துவிடும். ஓவனில் 175 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் போதும்.