வேதாகமப் பெயர்களுக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்குப் பெயர் வைக்கவோ பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கவோ வேதாகமப் பெயர்களுக்குப் பொருள் தேடுகிறவர்கள் அதிகம் இடறும் இடம் ஒன்று உண்டு. பெயரிட்டவர் சொன்ன காரணத்தை அப்படியே அகராதிப் பொருளாக எடுத்துக்கொள்வதுதான் அது.

“கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்” என்று சொல்லி அன்னாள் மகனுக்குச் சாமுவேல் என்று பேரிடுகிறாள். உடனே ‘சாமுவேல் என்றால் கேட்டுப் பெற்றவன்’ என்று எழுதிவிடுகிறோம். எபிரேயத்தில் கேட்பது ‘ஷாஅல்’. அதிலிருந்து நேராகப் பிறக்கும் பெயர் ஷாவூல், அதாவது சவுல். அதே அதிகாரத்தின் (1 சாமுவேல் 1) 28ஆம் வசனத்தில் இந்த வடிவமே எழுத்து மாறாமல் வருகிறது. சாமுவேலின் எபிரேய வடிவமான ஷெமூவேலில் உள்ளவை ‘ஷெம்’ (பெயர்), ‘ஏல்’ (தேவன்) என்ற சொற்களே என்பது பொதுவான விளக்கம். பின்னாளில் சாமுவேல் அபிஷேகம் பண்ணப்போகும் சவுல் ராஜாவின் பெயர், சாமுவேல் பிறந்த கதையிலேயே ஒலிப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இது சிலேடை. சிலேடையைச் சிலேடையாகவே ரசிக்க வேண்டும்.

மோசேயும் அப்படித்தான். ‘ஜலத்தினின்று எடுத்தேன்’ என்ற காரணம் எபிரேய ஒலியில் பொருந்துகிறது; ஆனால் பேரிட்டவள் பார்வோனின் மகள். துத்மோஸ், ராம்சேஸ் போன்ற பெயர்களில் உள்ள, ‘பிறந்தவன்’ எனும் எகிப்தியச் சொல்லே இதன் வேர் என்பர் ஆய்வாளர் பலர்.

அடுத்த தவறு, தமிழ் எழுத்தைப் பார்த்தே பெயரைப் பிரிப்பது. தானியேலிலும் எசேக்கியேலிலும் ‘ஏல்’ தேவன்தான். அதற்காக ராகேலில் தேவனைத் தேடக் கூடாது; அந்தப் பெயருக்குப் பெண்ணாடு என்று பொருள். ஆபேல் மூலத்தில் ‘ஹெவெல்’, அதாவது மூச்சுக்காற்று. பிரசங்கியில் “மாயை, மாயை, எல்லாம் மாயை” என்று வாசிக்கிறோமே, அங்கே மாயைக்கு மூலத்தில் இருப்பதும் இதே சொல். காயீனுக்கும் சேத்துக்கும் பெயர்க்காரணம் சொல்லும் ஆதியாகமம், ஆபேலுக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோகிறது. ஏவாள், சாராள், அன்னாள் ஆகியவற்றின் ‘ள்’ நாம் சேர்த்தது. அதற்குப் பொருள் தேட வேண்டாம்.

வேதத்தில் உள்ளதெல்லாம் எபிரேயப் பெயரும் அல்ல. மார்த்தாள், தோமா, கேபா அரமேயப் பெயர்கள். மொர்தெகாயில் ஒலிப்பது பாபிலோனியத் தெய்வமான மர்துக்.

ஆங்கிலப் பட்டியல்களைப் பார்த்து எழுதுவதும் ஆபத்து. அவை ஜேக்கப், ஜேம்ஸ் என்று இரண்டாகக் காட்டுவது மூலத்தில் ஒரே பெயர். நம் வேதாகமத்தில் இருவரும் யாக்கோபுதான். இயேசு, யோசுவா விஷயத்தில் தமிழும் பிரித்துவிட்டது. நெகேமியா 8:17இன் எபிரேயத்தில், நூனின் குமாரனாகிய யோசுவாவின் பெயர் ‘யேஷுவா’ என்றே இருக்கிறது; இயேசு என்பதும் இதே பெயர்தான்.