பழைய மஹ்சோர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்களின் பண்டிகைப் பிரார்த்தனை நூல் மஹ்சோர். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், பெசாக் போன்ற திருநாள்களுக்குரிய வழிபாடும் பாடல்களும் அதில் இருக்கும். சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வயதைப் பார்த்தே வாங்குகிறார்கள். ஏமாறுவதும் அங்கேதான்.

அட்டை கறுத்து, தாள் பழுத்திருந்தால் முந்நூறு ஆண்டுப் பழசு என்று முடிவு கட்டிவிடுவார்கள். கந்தல் துணியிலிருந்து செய்த 18ஆம் நூற்றாண்டுத் தாள் இன்றும் உறுதியாக இருக்கும். மடித்தால் முறிகிற பழுப்புத் தாள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாள்.

தாளை விடவும் முகப்புப் பக்கம் அதிகம் ஏய்க்கும். 'ஆம்ஸ்டர்டாம்' என்று எபிரேயத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே, கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவில், 'எழுத்துகளில்' என்றிருக்கும். அதாவது ஆம்ஸ்டர்டாம் பாணி அச்செழுத்தில் ஜெர்மனியின் ஏதோ சிற்றூரில் அச்சிட்டது! ஆம்ஸ்டர்டாம் அச்சுக்கு அன்று அத்தனை மவுசு. விற்பவர் சொல்லும் ஊரை நம்பாமல், சிறிய எழுத்து வரிகளையும் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஆண்டும் எழுத்திலேயே ஒளிந்திருக்கும். ஒவ்வொரு எபிரேய எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. தவ் 400, கோஃப் 100, சாமெக் 60, கூட்டினால் 560. ஆயிரங்களை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். எனவே 1240 சேர்த்தால் 1800 வரும். யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால் 1799இன் கடைசி மாதங்களும் அதில் அடங்கும். சில நூல்களில் ஒரு வேத வசனத்தில் பெரிதாக அச்சிட்ட எழுத்துகளை மட்டுமே கூட்ட வேண்டும். வசனம் முழுவதையும் கூட்டினால் கிடைப்பது கற்பனை ஆண்டு.

ஃபிராங்க்ஃபர்ட் அருகே ரோடல்ஹைமில் வுல்ஃப் ஹைடன்ஹைம் 1800 முதல் வெளியிட்ட மஹ்சோர் ஒன்பது தொகுதிகள் கொண்டது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அது திரும்பத் திரும்ப அச்சானது. முகப்பில் அவர் பெயர் இருப்பதாலேயே முதல் பதிப்பாகிவிடாது. தனித் தொகுதிகளை வாங்கி வரிசையை நிரப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள், வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளும் பொருந்தாத அட்டைகளுமாக அலமாரியை நிரப்புகிறார்கள். ஜெர்மன் வழிபாட்டு முறைக்கும் போலந்து முறைக்கும் பாடல்கள் வேறுபடும் என்பதால், இரண்டையும் கலந்தால் வரிசை வரிசையாகவே இருக்காது.

மெழுகுச் சொட்டு, விரல் அழுக்கு, வெற்றுத்தாளில் ஒரு குடும்பம் கையால் எழுதிய பிறப்பு இறப்புக் குறிப்புகள் ஆகியவற்றைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அச்சிட்ட பக்கங்களுக்கு வேறு பிரதிகள் உண்டு, அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. கிழிசலில் செலோடேப் ஒட்டுவது அதைவிட மோசம். பசை தாளில் ஊறி நிரந்தரக் கறையாகிவிடும்.

ஜெப ஆலய முத்திரை, நூலக முத்திரை இருந்தால் அங்கேயே நில்லுங்கள். நாஜிகள் கொள்ளையடித்த புத்தகங்களைத் திருப்பி அனுப்புவதற்காக 1946இல் ஜெர்மனியின் ஆஃபன்பாக்கில் அமைத்த கிடங்கு வழியாக மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவை கடந்து போயின. அப்படியும் உரியவர் கைக்குச் சேராதவை இன்றும் சந்தைக்கு வருகின்றன. 2021இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த யூதச் சமூகக் கையெழுத்துச் சுருள்களையும் பதிவேடுகளையும் அமெரிக்க அரசு பறிமுதல் செய்தது. முத்திரையின் படத்தை எடுத்து, நூல் எப்படிக் கைமாறி வந்தது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.