சட்டியில வேர்ப்பூஞ்சை வளக்குறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் இப்ப நிறைய பேரு மூங்கில் அடியில சோத்த பொதைச்சு வெச்சு வெள்ளையா பூத்ததும் எடுத்துட்டு வந்து காட்டு நுண்ணுயிர்னு செடிக்கு ஊத்துறாங்க, தப்பு சொல்லல, ஆனா அதுல மாட்டுறது சோத்த தின்னு வளருற பூஞ்சணம்தான். நம்ம செம்மண்ணுல இரும்பும் அலுமினியமும் பாஸ்பரச இறுக்கி புடிச்சு வெச்சிருக்கும், அத வேர் எட்டாத எடத்துல இருந்து இழுத்து குடுக்குற வேர்ப்பூஞ்சை சோத்துல வளரவே வளராது, அதுக்கு உயிரோட இருக்குற வேர் வேணும்.

இதுக்காக காட்டுக்குள்ள போயி மெராந்தி மரத்தடி மண்ண அள்ளாதீங்க. ரிசர்வ் காட்டுல பெர்மிட் இல்லாம மண்ணெடுத்தா குத்தம், அதோட மெராந்தி வேர்ல இருக்குறது வேற சாதி, வேர வெளிய போத்திக்கிட்டு இருக்கும், மொளகாயில ஒட்டாது. காட்டோரம் சொந்தக்காரங்க நெலம் இருந்தா கேட்டுட்டு அங்க இருக்குற லாலாங் புல்லு, தொட்டாச்சிணுங்கி இதுங்கள வேரோட புடுங்குங்க, அது போதும்.

மேல ஒரு 15 சென்டிமீட்டர் மண்ணுலதான் பொடி வேர் அதிகம், வேர்ல ஒட்டியிருக்குற மண்ண ஒதறிடாதீங்க, நமக்கு வேண்டியதே அதுதான். தொட்டாச்சிணுங்கி வேர்ல சின்ன சின்ன உருண்டை இருக்கும், நகத்தால கிள்ளுனா உள்ள ரோஸா இருந்துச்சுன்னா அது காத்துல இருந்து நைட்ரஜன் புடிக்குற பாக்டீரியா, நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வேர்ப்பூஞ்சை கண்ணுக்கு தெரியாது. சீக்கு வந்த ரப்பர் மரத்து வேர்ல கயிறு மாதிரி வெள்ளையா ஓடுறத பாத்துட்டு இதான் அதுன்னு எடுத்துட்டு வந்துடாதீங்க, அது வெள்ளை வேர் நோய், மரத்தையே சாய்ச்சிடும். அடியில கனோடெர்மாங்குற நோய்க் காளான் மொளச்ச செம்பனை பக்கமும் வேணாம்.

வீட்டுக்கு வந்து வேர பொடிசா வெட்டி மண்ணோட கலந்து, அதுல ஒரு பங்குக்கு ஆத்து மணல் நாலு பங்கு. மணல மட்டும் முன்னாடியே வேக வெச்சு ஆற விடுங்க. சட்டியில ரொப்பி சோளத்த நெருக்கமா போட்டு மூணு நாலு மாசம் வளத்தா போதும். உரம் போட்டா கூட பாஸ்பரஸ் இருக்குற நீல உரம் வேணாம் லா, பாஸ்பரஸ் சும்மா கெடைச்சா செடி பூஞ்சைக்கு சோறு போடாது, பூஞ்சை கொறைஞ்சிடும். பூஞ்சணக்கொல்லி மருந்தும் கிட்ட வரக்கூடாது.

அப்புறம் தண்ணி ஊத்துறத நிறுத்தி ரெண்டு வாரம் காய விடணும், செடி காயக் காய பூஞ்சை வித்து போட்டு வைக்கும். தண்ட வெட்டி எறிஞ்சிட்டு வேரையும் மணலையும் நறுக்கி கலந்து நிழல்ல காஞ்சாப்ல வைங்க. மொளகா, கத்திரி, தக்காளி நாத்து நடுறப்ப குழியில ஒரு கரண்டி, வேர் மேலயே படணும், மேலாக்க தூவி பிரயோஜனம் இல்ல. ரெண்டு செடிக்கு மட்டும் போடாம விடுங்க, அப்பதான் வித்தியாசம் தெரியும். சாவி கீரை, கோபிஸ் (முட்டைக்கோஸ்) பாத்திக்கு வீணாக்காதீங்க, அந்த கடுகு குடும்பம் இந்த பூஞ்சைய வேர்ல சேக்காது.